வாலை வெட்டியவளும் வாலை ஒட்டியவளும்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் ஊரைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். "லைட்டாஃப் மேடம் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், வாசல் காவலர்கூட பேசாமல் கட்டை விரலைத் தரையை நோக்கிக் காட்டுவார். கீழ்த்தளம். படி இறங்கினால் தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய்கள் ஓடும் நீண்ட நடை. அதன் கடைசிக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரை, அதற்குப் பின்னால் இன்னொரு கறுப்புத் திரை. அவசரத்தில் யாராவது இரண்டையும் ஒன்றாக விலக்கிவிட்டால் போதும், உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும்: "லைட்ட ஆஃப் பண்ணுங்க!" அந்தச் சத்தமே அவளுக்குப் பெயராகிவிட்டது.

உள்ளே அப்படியொரு இருட்டு. கருவிகளில் மினுக்கும் சிவப்பு, பச்சைப் பொட்டுவிளக்குகள் ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டியிருப்பாள். சட்டையில் பளபளக்கும் பொத்தான் இருந்தால் அதற்கும் டேப். எந்தத் திருகு எங்கே, எந்த வால்வு எத்தனை திருப்பு, எந்த மேசையின் முனை இடுப்பில் இடிக்கும், எல்லாம் கைக்கும் காலுக்கும் மனப்பாடம். வெளிச்சத்தில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். இருட்டில் வாய் மூடமாட்டாள். பம்போடு பேசுவாள். அது இருமினால் "என்னடா, சளியா?" என்பாள். "நீ கல்யாணமே பண்ணிக்கலையே" என்று யாராவது துக்கம் விசாரித்தால், "என்னைவிட நல்லா இருட்டுல நடக்கிற ஆள் வரட்டும், பார்க்கலாம்" என்று முடித்துவிடுவாள். அப்படி ஒரு ஆள் வரவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை.

அவளுடைய வேலை என்ன? ஒரு மூலக்கூறு வெளிச்சத்தை விழுங்கினால், அதை எவ்வளவு நேரம் வயிற்றில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப உமிழ்கிறது என்று அளப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'எவ்வளவு நேரம்' இருக்கிறதே, ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால் அதில் சில பத்துத் துண்டுகள். ஒரு துண்டுக்கு மைக்ரோசெகண்டு என்று பெயர். கண்ணாடிக் குடுவையில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்றே அணு கொண்ட ஒரு வாயுவைத் துளியளவு உள்ளே விடுவாள். லேசர் மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டும். மூலக்கூறுகள் ஒளியை விழுங்கித் துள்ளி மேலே ஏறும். பிறகு ஒவ்வொன்றாய் மினுக்கி மினுக்கிக் கீழே இறங்கும். ஒற்றை மினுக்கைக்கூட விடாமல் பிடிக்கிற குழாய் ஒன்று பக்கத்தில், லென்ஸுக்குப் பின்னால், பூனை மாதிரி காத்திருக்கும். மினுக்கல்கள் எவ்வளவு வேகத்தில் குறைகின்றன என்று பார்த்தால் அந்த உயர்ந்த நிலையின் ஆயுள் தெரிந்துவிடும்.

"சுருக்கமா சொல்லு, நீ அஜீரணத்த அளக்கிற" என்றான் அவளுடைய அண்ணன் ஒருநாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஏறுவதும் இறங்குவதும் அவனுக்கும் பிழைப்புதான் என்பதால் தங்கையின் வேலையில் தனக்கும் பங்குண்டு என்று நினைப்பவன்.

"அது எப்ப இறங்கும்னு அதுக்குத் தெரியுமா பாப்பா?"

நாற்பத்தைந்து வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"தெரியாதுண்ணா. அதான் அழகே! ரொம்ப நேரமா மேல உட்கார்ந்திருக்கோமே, இறங்கிடலாம்னு அது நினைக்காது. இப்பதான் ஏறின ஒண்ணுக்கும், ஏறி ரொம்ப நேரமான ஒண்ணுக்கும் அடுத்த கணத்துல இறங்குற வாய்ப்பு ஒண்ணுதான். அதுக்கு வயசே ஆகாது."

"உன் அண்ணி மாதிரின்னு சொல்லு."

"காதுல விழுது!" என்றது அடுக்களை.

இந்த அண்ணி கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இவளுடைய வாழ்க்கையில் பாதி அண்ணிதான். அண்ணி முதலில் அண்ணி இல்லை. அதே துறையில், மூன்றாவது மாடியில், இவளுக்கு இரண்டு வருடம் மூத்தவள். அப்போது இவள் அவளை "அக்கா" என்று கூப்பிடுவாள். ஒருநாள் அக்கா லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். இரண்டு மாடிக்கு நடுவே அந்தரத்தில் நின்றுவிட்டது. இவள்தான் பதறிப்போய் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் வந்து, கதவை ஒரு சாண் நெம்பி, எட்டிப் பார்த்தால், உள்ளே அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்! "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்ங்க" என்று இவன் தயங்கித் தயங்கிச் சொல்ல, "நல்லதாப் போச்சு, எனக்கும் இன்னும் ஒரு பக்கம் இருக்கு" என்றாளாம். லிஃப்ட் சரியாகிவிட்டது. அண்ணன் சரியாகவே இல்லை. அடுத்த மாதம் முழுக்க, ஓடுகிற லிஃப்டை ஓடவில்லை என்று சொல்லிச் சொல்லி வந்துகொண்டிருந்தான்.

இப்போது ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடி அறையில் இவள், நடுவில் ஒரே அடுக்களை. அந்த அடுக்களையில் இரண்டு பேரும் போடும் சத்தம்! கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நிகழ்தகவு பேசுவார்கள். பால் பொங்கும், ரொட்டி கருகும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். அண்ணன் எழுந்து போய் அடுப்பை அணைப்பான். "இந்த வீட்ல லைட்டாஃப் மேடம் யாரோ, அடுப்பாஃப் நான்தான்" என்பான்.

அண்ணி செய்வதும் இவள் செய்வதும் ஒரே மலையை இரண்டு பக்கத்திலிருந்து ஏறுகிற மாதிரி. அண்ணி அளப்பது விழுங்குவதை. வாயுவுக்குள் வெளிச்சத்தை விட்டு, எந்த நிறத்தில் எவ்வளவு காணாமல் போகிறது என்று பார்ப்பாள். தாளில் அது ஒரு மேடாக வரும். அந்த மேட்டின் பரப்பைக் கூட்டினால், மூலக்கூறு ஏறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று தெரியும். ஏற எவ்வளவு சுலபமோ இறங்கவும் அவ்வளவு சுலபம் என்பது இயற்கையின் கணக்கு. அதனால் இறங்கும் வாய்ப்பும் தெரிந்துவிடும். அதைத் தலைகீழாகப் போட்டால் ஆயுள். ஆக, மேலே அண்ணியின் எண்ணும் கீழே இவளுடைய எண்ணும் ஒன்றாய் வர வேண்டும். வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து எழுதி அனுப்பலாம். வானத்தின் மேலடுக்கு மினுக்குவதைப் பார்த்து அங்கே இந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுபவர்கள் வைத்திருக்கும் அட்டவணையில், இந்த வாயுவுக்கு நேரே இன்னும் காலியாகவே இருந்த கட்டம் நிரம்பும்.

ஏழு வருடம் இவள் அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் இருட்டில் கிடந்தாள். கடைசியில் எண் வந்தது. நாற்பது மைக்ரோசெகண்டு.

வாயுவைக் குறைக்கக் குறைக்க ஆயுள் கூடும். கூட்டம் குறைந்தால் இடி குறையும், இடி குறைந்தால் மூலக்கூறு தன் பாட்டுக்குத் தன் வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு இறங்கும், அதனால். அவளுடைய கோடும் அப்படித்தான் ஏறி ஏறி வந்து, நாற்பதுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. இதற்கு மேல் போகாது, இதுதான் உண்மையான ஆயுள் என்று துறையின் செமினாரில், குரல் நடுங்கச் சொன்னாள். வெளிச்சத்தில் நின்று பேசுவது அவளுக்கு எப்படிப்பட்ட பாடு என்று அண்ணிக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மூன்றாவது வரிசையிலிருந்து கை தூக்கினாள்.

"என் கணக்குல அறுபத்திரண்டு வருது. உனக்கு நாற்பதுன்னா, குடுவையில எங்கயோ ஓட்டை இருக்கு. வெளிக்காத்து உள்ள புகுந்து இடிக்குது. முதல்ல அதைப் பாரு."

சொன்னது இவ்வளவுதான். ஆனால் பின்வரிசையில் யாரோ, "ஏழு வருஷமா ஓட்டைக் குடத்துல தண்ணி மொண்டிருக்காங்களா!" என்று சிரித்தார்கள். சிரிப்பு பரவிவிட்டது. அவள் விளக்கைக்கூட அணைக்காமல் இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் நின்றது. அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசுவதில்லை.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, டீ ஆறுது."

"அவங்ககிட்ட சொல்லுண்ணா, என் குடுவையில ஓட்டை இருக்கு, டீ எல்லாம் ஊத்த வேண்டாம்னு."

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தான். "நானே லிஃப்டு மாதிரி ஆயிட்டேன். மேல கூப்பிட்டா மேல, கீழ கூப்பிட்டா கீழ. என்னைக்காவது ஒருநாள் கயிறு அறுந்துடும், சொல்லிட்டேன்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. பால் பொங்கவில்லை, ரொட்டி கருகவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீடு அவ்வளவு ஒழுங்காக இருப்பதைப் பார்க்கவே பயமாயிருந்தது.

ஓட்டை இருக்கிறதா என்று அவள் பார்க்காமல் இல்லை. வீம்புக்காகவே பார்த்தாள். குடுவையை ஊதிக் கொடுத்த கண்ணாடிக்காரரையே கூட்டி வந்தாள். கன்னம் இரண்டும் ஊதி ஊதித் தொங்கிப் போன மனுஷர். ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சிவந்துவிட்டது.

"என் வாயில வேணும்னா ஓட்டை இருக்கும் மேடம். நான் ஊதினதுல இருக்காது."

குடுவையின் ஒட்டு ஒட்டாக வெளியிலிருந்து ஹீலியம் பீச்சினார்கள். உள்ளே ஒரு மூச்சு நுழைந்தாலும் மோப்பம் பிடித்துக் கத்துகிற கருவி கையில் இருந்தது. அது கத்தவே இல்லை. குடுவை சுத்தம். "பார்த்தீங்களா!" என்றார் அவர், தன் பிள்ளைக்கு நல்ல மார்க் கிடைத்த மாதிரி. அவளுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஓட்டை இல்லை, அப்படியென்றால் நாற்பது சரி. அண்ணிதான் தப்பு.

மாதங்கள் ஓடின. ஒருநாள் மத்தியானம் கதவு திறந்தது. முதல் திரை விலகி, மூடி, பிறகு இரண்டாவது திரை விலகியது. இவ்வளவு ஒழுங்காக உள்ளே வரத் தெரிந்த ஆள் அந்தக் கட்டிடத்தில் ஒருத்திதான். இரண்டு அடி வைத்ததும் டொம்மென்று ஸ்டூலில் இடித்துக்கொண்டு "அம்மா" என்றது குரல்.

"அண்ணி?"

"நான்தான். லைட்டு போட வேண்டாம். சொல்லிட்டுப் போயிடறேன்." மூச்சு வாங்கியது அண்ணிக்கு. "நான்தான் தப்பு. என் மேட்டுக்கு ஓரத்துல ஒரு வால் இருக்குல்ல, நீல நிறத்துப் பக்கமா, அதை நான் விட்டுட்டேன். அதையும் சேர்த்துக் கூட்டணும். கூட்டிட்டேன். ஏறுற வாய்ப்பு கூடுது, ஆயுள் குறையுது. நாற்பத்திமூணு வருது. உன் நாற்பதுக்குப் பக்கத்துலதான். எழுதி அனுப்பிடலாம்."

இருட்டில் ஒரு காகிதம் தடவித் தடவி அவள் கைக்கு வந்தது. அதோடு அண்ணியின் விரல்களும் வந்தன. சில்லென்று இருந்தன.

"அழுகுறீங்களா?"

"முழங்காலு வலிக்குதுடி. ஸ்டூலை ஏன் நடுவுல வைக்கிற?"

அவ்வளவுதான். ஏழு வருடம், அந்தச் சிரிப்பு, அந்த மௌனம் எல்லாம் ஒரு முழங்கால் இடியில் முடிந்துபோனது. அன்று சாயங்காலம் வீட்டில் பால் பொங்கியது. அண்ணன் ஓடிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு, அடுக்களை வாசலிலேயே நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கருகின ரொட்டியை அத்தனை ருசியாய் ஒருவன் தின்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கட்டுரை தயாரானது. படங்களைச் சுத்தமாக வரைவது மட்டும் பாக்கி. அங்கேதான் வினை வந்தது.

மினுக்கல்கள் குறைவதை அதற்கென்றே கட்டம் போட்ட ஒரு தாளில் வரைவார்கள். ஒரே ஆயுள் என்றால் அதில் நேர்கோடாகச் சரியும். அவளுடைய கோடும் நேராகத்தான் சரிந்தது. ஆனால் வால் பகுதியில், நேரம் கடந்த இடத்தில், கொஞ்சம் குப்புறக் கவிழும். அங்கே வெளிச்சமே சொற்பம், எண்ணிக்கை போதாது, நம்ப முடியாது என்று அந்த வாலை எப்போதும் வெட்டிவிடுவாள். அவள் மட்டுமில்லை, எல்லோரும் வெட்டுவதுதான். இப்போது எல்லா நாள் அளவுகளையும் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டபோது, வெட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் கை நின்றது.

எல்லா வாலும் கீழேதான் கவிழ்ந்திருந்தன.

எண்ணிக்கை போதாமல் வரும் தடுமாற்றம் என்றால் ஒரு நாள் மேலேயும் போயிருக்க வேண்டாமா? குடிகாரன் தள்ளாடினால் இடமும் போவான் வலமும் போவான். ஒரே பக்கமாகவே போகிறான் என்றால் அவன் தள்ளாடவில்லை, எங்கேயோ போகிறான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அண்ணியின் காகிதத்தை எடுத்து விரித்தாள். நீல நிறத்துப் பக்கம் ஒட்டிச் சேர்த்த அந்த வால். அந்த வாலைப் பற்றி அடுக்களையில் எத்தனை தடவை பேசியிருக்கிறார்கள்! "அது நம்ம ஆளோட வால் இல்லடி. அடுத்த நிலையோட மேடு, பக்கத்து வீட்டுக்காரன் காம்பவுண்டு தாண்டிக் காலை நீட்டுற மாதிரி இங்க நீட்டுது" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னது அண்ணிதான். பத்து விதமாகப் பரிசோதித்து, அது நம்முடையது இல்லை என்று அறுதியிட்டதும் அண்ணிதான். அந்த அண்ணியா மறந்து போய் விட்டுவிட்டு, இப்போது ஞாபகம் வந்து சேர்த்தாள்?

இந்த இடத்தில் அவளை நினைத்துப் பாருங்கள். கட்டுரையை ஒரு உறைக்குள் போட்டால் முடிந்தது. அட்டவணையில் அவளுடைய எண் ஏறும். வீட்டில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு வாலைப் பற்றியும் உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் ஒரே அடுக்களையில் டீ குடிப்பவர்கள். பேசாமல் விட்டால் என்ன?

அவள் விட்டுவிடத்தான் பார்த்தாள். ஒரு நாள் முழுக்கப் பார்த்தாள். பம்போடுகூடப் பேசவில்லை.

ஆனால் மூளை சும்மா இருக்குமா? கடைசியில் மினுக்க வேண்டிய மூலக்கூறு ஆட்கள் காணாமல் போகிறார்கள் என்றால், எங்கே போகிறார்கள்? ஓட்டை இல்லை. இடித்துப் பிடுங்க வேறு காற்றும் இல்லை. உள்ளே இருப்பது அந்த வாயு மட்டும், அதுவும் சொற்பம், ஒன்றை ஒன்று தொடாமல்... தொடாமல். அங்கேதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட்டம் இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டி மோதி, நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கூட்டத்தை அவள்தான் குறைத்துக் குறைத்து அப்புறப்படுத்தினாளே! தடுக்க ஆளில்லாத சாலையில் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் ஓடுகிற ஆட்கள் அவர்கள். ஆயுள் முடிவதற்குள் இரண்டு விரல் அகலம் போய்விடுவார்கள். அவளுடைய லென்ஸ் பார்ப்பதோ ஒரு விரல் அகலம்.

அவர்கள் செத்துப்போகவில்லை. அவள் பார்க்கிற சதுரத்தை விட்டு வெளியே போய்விட்டார்கள்!

பார்க்க ஒரே வழிதான் இருந்தது. லென்ஸும் குழாயும் ஒரு தண்டவாளத்தின் மேல் இருந்தன. ஏழு வருடத்தில் அதை அவள் நகர்த்தியதே இல்லை. எங்கே வெளிச்சம் மிக அதிகமோ அங்கே ஒரு தடவை நிறுத்தி, அசையாமல் இறுக்கித் திருகிவிட்டிருந்தாள். இப்போது அந்தத் திருகை இருட்டில் விரலால் தேடினாள். துருப்பிடித்திருந்தது. உள்ளங்கை சிவக்கத் திருப்பினாள். லேசர் கதிர் தொடவே தொடாத இடத்துக்கு, மூன்று விரல் தள்ளி நகர்த்தினாள். அந்த இடத்தில் இருந்துகொண்டே ஒளியை விழுங்கும் மூலக்கூறு ஒன்றுகூடக் கிடையாது. அவள் நினைப்பது தப்பு என்றால், கறுப்புத் துணி முக்காட்டுக்குள் அவள் எட்டிப் பார்க்கும் கருவியின் திரை வெறுமையாய் இருக்கும். நாற்பது பிழைக்கும். வெறுமையாய் இருக்கட்டும் என்று அவள் மனதின் ஒரு பாதி வேண்டிக்கொண்டது, பொய் சொல்வானேன்.

லேசர் வெட்டியது. திரையில் ஆரம்பத்தில் ஒன்றும் இல்லை. அப்புறமும் ஒன்றும் இல்லை. அப்புறம், மெதுவாக, விடிகிற மாதிரி, ஒரு சின்ன மேடு எழுந்தது. தாமதமாக வந்தவர்கள். அங்கே விழுங்கியதை வழியெல்லாம் சுமந்து வந்து, இங்கே, யாருமே பார்க்காத இந்த மூலையில், ஒவ்வொருவராய்க் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடமும் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்! அவள்தான் ஒரு விரல் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, வரவில்லை வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏழு வருட எண் அங்கேயே போய்விட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. இருட்டில் தனியாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் அழுகை வந்தது.

மூன்று மாடி ஏறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. ஜன்னல் நிறைய வெயில் விழும் அறையில் அண்ணி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் கண் கூச, இவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அண்ணி. அந்த வால் நம்மளது இல்ல."

அண்ணி நிமிரவில்லை. பேனா மட்டும் நின்றது.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே ஒட்டினீங்க."

"எல்லைன்னு ஒண்ணு தீர்மானிக்கிறதுதானே எல்லாம். இங்கயும் கோடு போடலாம், அங்கயும் போடலாம்..."

"அண்ணி."

நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது. "என்ன செய்யச் சொல்ற? செமினார்ல நான் சொன்னதும் நீ முகத்தைத் தொங்கப் போட்டுட்டு இறங்கினியே, அதுலேர்ந்து எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்கா இறங்கல. வீட்ல ஒரு சத்தம் இல்ல. உங்கண்ணன் தூக்கத்துல கூட 'டீ ஆறுது, டீ ஆறுது'ன்னு பினாத்தறாரு. ஒரு வால்தானேன்னு நினைச்சேன். ஒரு வாலை ஒட்டினா வீடு ஒட்டிக்கும்னா, ஒட்டிட்டுப் போறேன்."

"எனக்காகவா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனுக்காகவா?"

இவளுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அந்தக் கோபம் கால் வரைக்கும் இறங்குவதற்குள் வழியிலேயே வேறு என்னவோ ஆகிவிட்டது. வாழ்க்கை முழுக்க ஒரு எண்ணுக்காக உயிரை விடுகிற பெண்மணி, ஒரு பின்னத்துக்காகக் கட்டின புருஷனோடு சண்டை போடுகிற பெண்மணி, இவளுக்காக எண்ணை வளைத்திருக்கிறாள். அதைவிடப் பெரிதாக ஒருவருக்காக ஒருவர் என்ன செய்துவிட முடியும்? அதைவிடத் தப்பாகவும்தான்!

"நான் கோவிச்சது அறுபத்திரண்டுன்னு சொன்னதுக்கு இல்ல அண்ணி. ஓட்டைன்னு சொன்னதுக்கு. அதுவும் எல்லார் முன்னாடியும். வீட்ல சொல்லியிருக்கலாம்ல? வெங்காயம் நறுக்கும்போது?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அண்ணி, ரொம்பச் சின்னக் குரலில். "தப்புதான்."

"இப்ப கீழ வாங்க. ஒண்ணு காட்டணும்."

"என்ன?"

"நீங்க வாலை ஒட்டினீங்க. நான் வாலை வெட்டினேன். ஓட்டை இல்ல அண்ணி, ஓட்டம்! நம்ம ஆளுங்க ஓடிப்போய் மினுக்கறாங்க!"

அண்ணி பேனாவை மேசையில் போட்டாள். பிறகு அந்த முகத்தில் வந்தது பாருங்கள், லிஃப்டுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள். நாற்காலி பின்னால் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

கண்ணாடிக்காரர் புதுக் குடுவை ஊதினார், பெரிய பூசணிக்காய் அளவுக்கு. "இவ்வளவு பெருசு எதுக்கு மேடம், உள்ள குடி போகப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஊதி முடித்ததும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தார். ஓடுகிறவர்கள் எந்தப் பக்கம் ஓடினாலும் தெரியும்படி அகலமான லென்ஸ் போட்டாள். பழைய கட்டுரையை அவளே கிழித்தாள். செமினாரில் மறுபடி ஏறி, அதே ஆட்கள் முன்னால், நாற்பது தப்பு என்று சொன்னாள். குரல் நடுங்கியதுதான். மூன்றாவது வரிசையில் அண்ணி இரண்டு கையையும் மடியில் கட்டிவைத்துக்கொண்டு, தூக்கவே தூக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது கோடு ஏறி ஏறி வந்து ஐம்பத்தொன்பதுக்குப் பக்கத்தில் படுத்தது. வால் கவிழவில்லை. அண்ணியோ ஒட்டினதைப் பிய்த்துவிட்டு அறுபத்திரண்டுக்கே திரும்பிவிட்டாள். நடுவில் இன்னும் மூன்று மைக்ரோசெகண்டு. அதை யாரும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுக்கவில்லை. இரண்டு எண்ணையும், ஒவ்வொன்றும் எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பினார்கள்.

அந்த மூன்றுக்காக அடுக்களையில் நடக்கும் சண்டை இருக்கிறதே! "உங்க மேட்டு அடிவாரத்தைச் சரியா கழிக்கலை!" "உன் லென்ஸு ஓரத்துல மங்குது, முதல்ல அதைப் பாரு!" அண்ணன் இருவருக்கும் நடுவே கையை நீட்டி அடுப்பை அணைத்துவிட்டு, "ரெண்டு வாலு பொண்ணுங்களைக் கட்டி மேய்க்கிறதுக்குப் பதிலா நான் லிஃப்டுலயே குடியிருந்திருக்கலாம்" என்றான். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அண்ணி கீழ்த்தளத்துக்கு வந்தாள், அந்த லென்ஸ் ஓரத்தைத் தன் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று. முதல் திரையை விலக்கி மூடினாள். இரண்டாவது திரையை விலக்கினாள். டொம்.

"ஐயோ! இன்னும் இதை இங்கதான் வச்சிருக்கியா? லைட்டைப் போடு!"

"போடமாட்டேன்" என்றது இருட்டு. "கை நீட்டுங்க. நான் பிடிச்சுக்கறேன்."